ஏழரை மணி வழிச்சீட்டு

பசறை
4 பெப்ரவரி 1913, செவ்வாய்

சின்ன முதலாளி அலவி அவர்களுக்கு, பசறை வண்டிக் கொட்டகைக் கணக்கப்பிள்ளை கணபதி எழுதுவது.

இதை நேற்றே நேரில் சொல்லியிருக்கலாம். பதினொரு வண்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அவர்கள் காதுபட உங்களிடம் குறை சொல்வது முறையல்ல என்று இருந்துவிட்டேன்.

நேற்று நீங்கள் பதுளையிலிருந்து வந்து இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். லுணுகலைத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் ஞாயிறு மாலையே இங்கே வந்துவிட்டன. ஐந்தரைக்கு ஏற்றத் தொடங்கி, ஏழு மணிக்குக் கயிறு கட்டி முடித்து, ஏழரைக்கு மாடு பூட்டி நின்றோம். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வழிச்சீட்டில் முதலாளி குடும்பத்து ஆள் கையெழுத்து வைக்காமல் வண்டி முற்றத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி காணாமல் போனதிலிருந்து உங்கள் மாமனார், பெரிய முதலாளி, போட்ட சட்டம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி போகிற திங்களும் வியாழனும் கையெழுத்து பதுளையில் இருக்கிறது, மாடு பசறையில் நிற்கிறது.

ஏழரைக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் மலை ஏற்றம் முடிந்துவிடும். பிற்பகல் ஒன்றரைக்குப் பதுளை. மாடு இளைப்பாறி, மாலையில் ஹாலி எலை வரை போய், மறுநாள் பகல் பண்டாரவளை ஸ்டேஷன். இரண்டு மணிச் சாமான் ரயிலில் பெட்டி ஏறிவிடும். பத்து மணிக்குப் புறப்பட்டால் உச்சி வெயிலில் ஏற்றம். மாடு படுத்துவிடுகிறது. அன்று பதுளையைத் தாண்ட முடியாது. மறுநாள் விடியுமுன் மாட்டை விரட்டினாலும் சில நாள் ரயில் போயிருக்கும். ஜனவரியில் மட்டும் மூன்று முறை இப்படி ஆயிற்று.

பெரிய முதலாளி வெள்ளிக்கிழமை எனக்கு எழுதியிருக்கிறார். தான் பசறையில் இருந்த காலத்தில் ஏழரைக்கு முடிந்த ஏற்றுவேலை இப்போது பத்து மணியாகிறதாம். எனக்கு வயதாகிவிட்டதாம். இன்னும் ஒரு முறை ரயில் தவறினால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். கொட்டகைக்குப் பின்னால் நாங்கள் இருக்கிற வீடும் இந்த வேலையோடு சேர்ந்தது. மாரியாயியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்றி முடிக்கப் பத்து மணியாகிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

கணபதி


பதுளை
5 பெப்ரவரி 1913

கணபதிக்கு,

கடிதம் கிடைத்தது. மனேஜர் எத்தனை மணிக்கு வந்து இறங்கினார் என்று கணக்கப்பிள்ளை குறித்து வைக்கும் வழக்கம் எனக்குப் புதிது.

பன்னிரண்டு மைல் குதிரை வண்டியில் வருகிறேன். வழியில் ஆயிரம் இருக்கும். வியாழக்கிழமை ஏழு மணிக்கு அங்கே இருப்பேன். மாமாவுக்கு நீ தனியாக ஒன்றும் எழுத வேண்டாம்.

அலவி


பசறை
7 பெப்ரவரி 1913, வெள்ளி

சின்ன முதலாளி அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வந்தது பத்து அடித்து ஐந்து நிமிடம். குறித்து வைக்க வேண்டிய தேவையே இல்லை. வண்டிக்காரர்கள் அந்த நேரத்துக்கு "மாப்பிள்ளை மணி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மாடு பூட்டலாமா, மாப்பிள்ளை மணி அடிச்சாச்சா?" என்று அழகர் கேட்கிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நான் அதட்டுகிறேன். அதட்டும்போது எனக்கும் சிரிப்பு வருவதை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

என் வேலை தப்பியது தற்செயலாக. செவ்வாய் மாட்டை விரட்டி எப்படியோ ரயிலைப் பிடித்தோம். இன்று பகல் பண்டாரவளையில் சாமான் ரயிலும் உங்களைப் போலவே மூன்று மணி நேரம் தாமதமாம். ஸ்டேஷனிலிருந்து தந்தி வந்தது. அடுத்த தடவை ரயில்காரர்கள் எனக்காகத் தாமதிக்க மாட்டார்கள்.

பெரிய முதலாளிக்கு நான் எழுதவில்லை. எழுதுவது கஷ்டமில்லை, ஒரு சதத் தாள் போதும். ஆனால் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏற்றத்தில் முன் வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருகிறவன் தன் மாட்டை அடித்துப் பயனில்லை. இறங்கிப் போய் முன் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அச்சாணி கழன்றிருக்கலாம், மாட்டுக்குக் குளம்பில் கல் ஏறியிருக்கலாம். அதைத்தான் இப்போது கேட்கிறேன். நீங்கள் சோம்பேறி இல்லை. கொட்டகைக்கு வந்தபின் மாலை வரை உட்காராமல் வேலை செய்கிறவர். பிறகு ஏன்?

ஒரு வழி இருக்கிறது. சீட்டில் கையெழுத்து வைக்கும் பொறுப்பை எனக்குத் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். நீங்கள் பத்து மணிக்கு வந்தாலும் மற்ற வேலைகளுக்குக் குறைவில்லை.

கணபதி


பதுளை
9 பெப்ரவரி 1913, ஞாயிறு

கணபதி அண்ணனுக்கு,

இதை அழகர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்தபின் பத்திரம்.

காரணம் கேட்டீர்கள். சிரிக்காமல் படியுங்கள். நான் வெலிமடையில் சின்னக் கடைக்காரர் மகன். ஒக்டோபரில் நிக்காஹ் முடிந்து எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் வந்து இருக்கிறேன். சுபஹு, அதாவது விடியற்காலைத் தொழுகை, ஐந்தரைக்குள் முடிந்துவிடும். அப்போதே வண்டி கட்டினால் ஏழே காலுக்குப் பசறை. ஆனால் மாப்பிள்ளை வெறும் வயிற்றோடு வீட்டுப் படி இறங்கினால் மாமிக்கு அது பெரிய குறை. மாமா பள்ளிவாசலிலிருந்து வந்து, ஓதி முடித்து, ஏழு மணிக்குத்தான் சாப்பாடு. அவரும் நானும் ஒன்றாக உட்கார வேண்டும். அவர் எழும்பும் முன் நான் எழும்ப முடியாது. முந்தின நாளே வந்து பசறையில் தங்கலாம் என்றால், கல்யாணமாகி ஒரு வருடம் முடியாமல் மாப்பிள்ளை வெளியில் படுத்தால் ஊர் என்ன பேசும் என்கிறார் மாமி. இப்போது நபி பிறந்த மௌலூது மாதம். விருந்தாளிகளோடு சகன் என்கிற பெருந்தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் எட்டு மணி.

முதல் வாரத்திலேயே மாமா கேட்டார், "பசறைக்கு நேரமாகுதா மாப்பிள்ளை?" என்று. மாமி திரைக்கு அப்பால் நிற்கிறார். தட்டில் அப்போதுதான் இடியப்பம் வைத்திருக்கிறார்கள். நேரமாகிறது என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. "அவசரமில்ல மாமா, அங்க ஏத்தி முடிக்கப் பத்து மணியாகும்" என்று சொல்லிவிட்டேன். மரியாதைக்குச் சொன்ன ஒரு பேச்சு. அது உங்கள் தலையில் போய் விழும் என்று நினைக்கவில்லை. விழுந்தது தெரிந்தபின் திருத்தவும் இல்லை.

கையெழுத்தை உங்களுக்கு மாற்றும்படி கேட்கச் சொல்கிறீர்கள். அதுவும் என்னால் முடியவில்லை. அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அங்கே என்னால் மட்டும் ஆகிற வேலை. அதுவும் போனால் நான் அந்த வீட்டில் சாப்பிடுகிற ஆள் மட்டும்தான்.

ஆகவே இப்படிச் செய்வோம். இத்துடன் நான்கு வெற்று வழிச்சீட்டில் என் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். பெட்டி எண்ணிக்கையையும் நேரத்தையும் நீங்கள் நிரப்பி, ஏழரைக்கு வண்டியை விடுங்கள். நான் வழக்கம்போல் வருகிறேன். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அலவி


பசறை
11 பெப்ரவரி 1913

சின்ன முதலாளிக்கு,

திங்கள் வண்டிகள் ஏழே இருபதுக்குப் புறப்பட்டன. இன்று பகல் ரயில் கிடைத்துவிட்டது என்று தந்தி வந்தது.

வெற்றுத் தாளில் கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. நிரப்பும்போது அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. வேறு வழி இல்லாததால் செய்தேன். மீதி மூன்றையும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். அவை முடிவதற்குள் முதலாளியிடம் பேசிவிடுங்கள்.

கணபதி


பதுளை
14 பெப்ரவரி 1913, வெள்ளி

கணபதி அண்ணனுக்கு,

காரியம் கெட்டுவிட்டது. மாமா உங்களுக்கும் எழுதியிருப்பார். நடந்ததை நான் அறிந்தபடி சொல்கிறேன்.

நேற்றுப் பகல் ஒன்றரைக்கு வண்டிகள் மாமாவின் பதுளைக் கடை வாசலுக்கு வந்தன. எப்போதும் நாலரைக்கு வருகிற வண்டி. திங்கள் அவர் கடையில் இல்லாததால் கவனிக்கவில்லை. மாமா சந்தோஷப்பட்டு வெளியே வந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். அழகர் பெருமையாக, "ஏழரைக்கே விட்டுட்டோமுங்க" என்று சொல்லியிருக்கிறான். மாமா சீட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். பசறை, ஏழரை மணி, என் கையெழுத்து.

நான் மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்.

"காலையில ஏழரைக்கு நீங்க எண்ட பக்கத்துல இருந்து தின்னுறீங்க. அதே ஏழரைக்குப் பசறையில உங்கட கையெழுத்தை வெச்சது ஆரு மாப்பிள்ளை?"

நான் பதில் சொல்லும் முன் அவரே சொல்லிவிட்டார், கணபதியின் கள்ளக் கையெழுத்து என்று. கடை வாசலில் வண்டிக்காரர்கள் முன்னாலும் அதையே சொல்லியிருக்கிறார். திங்கள் காலை எட்டு மணிக்குப் பசறைக்கு வந்து விசாரித்துவிட்டு உங்களை அனுப்பப் போகிறாராம். பொலிசுக்கும் கொடுக்கலாம் என்று கடையில் யாரோ சொன்னார்கள். மாமா வேண்டாம் என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. இன்று காலையும் திறக்கவில்லை. சொல்கிறேன், அண்ணன். ஆனால் அதற்கு ஒரு நேரம் வேண்டும். அதுவரை ஒன்பதாம் தேதி நான் எழுதிய கடிதத்தை எரித்துவிடுங்கள். மாமி பற்றி எழுதியது வெளியே வந்தால் என் மனைவி ஜெமீலாவுக்கு என்னோடு இருப்பதே கஷ்டமாகிவிடும்.

அலவி


பசறை
15 பெப்ரவரி 1913, சனி

அலவி தம்பிக்கு,

அப்படி எழுத இன்று எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலாளி கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கொட்டகையில் இருக்கிறேன். சோம்பேறி என்று எழுதியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். கள்ளன் என்பது அப்படியல்ல. வேலை போனபின் வேறு தோட்டத்தில் போய்க் கேட்டாலும் அந்தச் சொல் எனக்கு முன்னால் அங்கே போயிருக்கும். மாரியாயி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். திங்கள் வரை பொறு என்றேன். "திங்கக்கெழம மட்டும் அவரு நேரத்துக்கு வந்துருவாரா?" என்று கேட்டாள்.

நீங்கள் எரிக்கச் சொன்ன கடிதத்தை நான் எரிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மீந்த இரண்டு வெற்றுச் சீட்டும் உள்ளே இருக்கிறது. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம், யோசித்துத்தான் செய்கிறேன். கள்ளக் கையெழுத்து வைத்தவன் என்று ஒருவனைச் சொன்னபின், அவன் எடுத்துக் காட்டுகிற கடிதத்தையும் கள்ளக் கடிதம் என்றுதானே சொல்வார்கள். என் கையில் அது வெறும் காகிதம். உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் சாட்சி.

சொல்வதற்கு ஒரு நேரம் வேண்டும் என்கிறீர்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரு பையன் படித்தான். வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரியும், ஆனால் சரியான வார்த்தை வரட்டும் என்று நிற்பான். அதற்குள் அடுத்த பையனிடம் கேட்டுவிடுவார். அவன் தெரியாமல் ஒருநாளும் அடி வாங்கியதில்லை. தெரிந்துதான் வாங்கினான். நீங்கள் அந்தப் பையனைப் போல் நிற்கிறீர்கள். ஆனால் அடி விழுவது எனக்கு.

திங்கள் எட்டு மணி. ஒன்பதே முக்காலுக்கு நீங்கள் வந்தால் சாவி முதலாளி கையில் இருக்கும், நாங்கள் லுணுகலை ரோட்டில் நடந்துகொண்டிருப்போம்.

கணபதி


பதுளை
18 பெப்ரவரி 1913, செவ்வாய்

கணபதி அண்ணனுக்கு,

நீங்கள் இப்போது பண்டாரவளையில் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பீர்கள். இதைப் பசறைக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததும் படியுங்கள். நேற்று நீங்கள் போனபின் நடந்தது உங்களுக்கு முழுவதும் தெரியாது.

நேற்றுக் காலை தொழுகை முடிந்து நான் பள்ளியிலிருந்து முதலில் வீட்டுக்கு வந்துவிட்டேன். திரைக்குப் பக்கத்தில் நின்று, "மாமி, இண்டைக்கு நான் சாப்பிடாமப் போறேன்" என்றேன். நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. பதில் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை உட்கார்ந்திருப்பேன்.

ஏழே பத்துக்கு நான் வந்து இறங்கியதும், அழகர் குதிரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வண்டிக்காரனுக்குக் காய்ச்சல், நீங்களே அந்த வண்டியை ஓட்டிப் போவதாகச் சொன்னீர்கள். விசாரணைக்கு நீங்கள் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். "நான் இருந்தா, நான் சொல்லவெச்சதாப் போயிரும் தம்பி. நீங்களே சொல்லுங்க. ரயில் நமக்காக நிக்காது" என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டீர்கள். உங்கள் வேலையை என் நாக்கில் விட்டுவிட்டுப் போகிறீர்களே என்று அப்போது கோபம்கூட வந்தது.

எட்டு மணி ஆயிற்று, மாமா வரவில்லை. ஒன்பது ஆயிற்று. அந்த வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பது எப்படி என்று நேற்றுத்தான் தெரிந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்தார். இங்கே வருவதற்காக ஆறு மணிக்கே சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாராம். நான் வெறும் வயிற்றோடு போனதை மாமி கோபத்தில் அவருக்குச் சொல்லவில்லை. எட்டு மணிக்குத்தான் ஜெமீலா சொல்லியிருக்கிறாள்.

வரும்போதே சத்தம். மலை ஏற்றத்தில் உங்களைக் கண்டாராம். விசாரணைக்கு நிற்கச் சொன்ன ஆள் வண்டியோடு ஓடுகிறான் என்று நிறுத்தினாராம். நீங்கள் சீட்டை நீட்டினீர்களாம்.

"இண்டைக்குச் சீட்டிலயும் உங்கட கையெழுத்து. இது மெய்யா பொய்யா மாப்பிள்ளை?"

"மெய் மாமா. வியாழக்கிழமை சீட்டுல உள்ளதும் மெய்தான்."

பிறகு நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயம். முதல் வாரத்தில் சொன்ன பத்து மணிப் பொய், ஜனவரியில் தவறிய ரயில்கள், வெற்றுச் சீட்டு எல்லாம் சொன்னேன். நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதத்தையும் கொடுத்தேன். ஒரு தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். மாமி பற்றி எழுதிய இடத்தில் அவர் விரல் நின்றது. வண்டிக்காரர்கள் வேறு என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை மணியைச் சொன்னேன். தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை.

சீட்டுக் கையெழுத்தை உங்களிடம் கொடுக்கும்படி அப்போதே கேட்டேன். குடும்பத்தில் இல்லாதவன் கையில் எப்படிக் கொடுப்பது என்றார். "குடும்பத்து ஆள் நான்தான் மாமா. வெறுந்தாள்ல கையெழுத்து வெச்சதும் நான்தான்" என்றேன். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். என்ன முடிவு செய்வார் என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கள்ளன் என்று இனிச் சொல்ல மாட்டார். அது மட்டும் உறுதி.

இங்கே மாமி கோபத்தில் என்னோடு பேசாமல் இருக்கிறார். முன்பும் பேசியதில்லை, ஆகவே கோபம் என்று யார் கண்டுபிடிப்பது என்று ஜெமீலா சிரிக்கிறாள். அவள் சிரிப்பது எனக்குத் தெம்பாக இருக்கிறது.

உங்கள் தம்பி
அலவி


பசறை
21 பெப்ரவரி 1913, வெள்ளி

அலவி தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மாரியாயிக்குப் படித்துக் காட்டினேன். மாமியிடம் பேசிய இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பாத்திரங்கள் சாக்கிலிருந்து வெளியே வந்துவிட்டன.

நேற்று வியாழக்கிழமை நீங்கள் வரவில்லை. முதலாளி வந்தார், ஏழு மணிக்கு. சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. பதினொரு வண்டிக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"போன கிழமை கடை வாசல்ல கணபதியப் பத்தி ஒரு சொல் சொன்னேன். அது பிழை. நீங்க எங்கெல்லாம் போய்ச் சொன்னீங்களோ அங்கெல்லாம் இதையும் சொல்லுங்க."

அவ்வளவுதான். சீட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். திங்களும் வியாழனும் இனி என் கையெழுத்து.

இப்போது ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பேனாவை மையில் தொட்டதும் கை நின்றுவிட்டது. இத்தனை வருடம் பெட்டியை எண்ணி ஏற்றியிருக்கிறேன். ஆனால் ஒன்று குறைந்தால் கேட்கிறவன் அடுத்தவன் என்று மனதின் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. நேற்று அந்த அடுத்தவன் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லா வண்டியையும் முதலிலிருந்து பார்த்தேன். ஏழாவது வண்டியில் ஒரு பெட்டிக்குத் தகரப் பட்டை தளர்ந்திருந்தது. அதை இறக்கி, ஆணி அடித்து, மறுபடி கட்டி, கையெழுத்து வைக்கும்போது எட்டு மணிக்கு ஐந்து நிமிடம். என் முதல் சீட்டிலேயே இருபத்தைந்து நிமிடம் தாமதம். முதலாளி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், உள்ளே வைத்தார். இன்று பகல் ரயில் கிடைத்துவிட்டது என்று தந்தி வந்தது.

கையெழுத்து போனால் உங்களுக்கு என்ன வேலை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஏற்றத்தில் குலுங்கிப் போகிற பெட்டி பதுளையில் எப்படி இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்ப்பதில்லை. இங்கே வருவதை விட்டுவிட்டு, திங்கள் பகல் ஒன்றரைக்கு உங்கள் கடை வாசலில் நில்லுங்கள். ஒவ்வொரு வண்டியாகப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, என் சீட்டின் கீழே உங்கள் கையெழுத்தை வையுங்கள். முதலாளியிடம் கேட்டேன், சரி என்றார்.

நான் ஆணி அடித்த பெட்டி வந்தால் அதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். நான் அடிக்கிற ஆணி எனக்கே நம்பிக்கையாக இல்லை.

கணபதி